வேலூர் வெயிலைப் பார்த்தவர்களுக்கும் டெத் வேலி வேறுதான்: குடும்பத்தோடு காரில் போகிறவர்களுக்கு

கோடை விடுமுறையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. லாஸ் வேகாஸ் வரை போகிறோம், அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் டெத் வேலி தேசியப் பூங்கா, ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமே என்று தோன்றும். கலிபோர்னியாவில் இருக்கும் நம்மவர்கள் பலர் இப்படித்தான் கிளம்புகிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஒரு ஜூலை மாதம் கிளம்பினோம்.

அம்மாவுக்கு வேலூர். "வெயில் எனக்கென்ன புதுசா" என்றார். நானும் அதை நம்பினேன். பகல் 12:30 மணிக்கு பேட்வாட்டர் உப்பு வெளியில் இறங்கியபோது காரின் திரை 119 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது, அதாவது 48 டிகிரி செல்சியஸ். அம்மா கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "ஏம்மா, இங்க வேர்க்கவே இல்லையே, நம்ம ஊருக்கு இது தேவலாம் போல" என்று சிரித்தார். இருபது நிமிடம் கழித்து காரில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே "தண்ணி எங்க?" என்று கேட்டார். ஒரு நிமிடம் போனதும் மறுபடி அதையே கேட்டார். உதடு வெளுத்திருந்தது. கையைத் தொட்டால் காய்ந்த காகிதம் மாதிரி இருந்தது.

அம்மா அன்றே தேறிவிட்டார். ஆனால் அங்கிருந்து, பூங்காவின் பார்வையாளர் மையமும் விடுதிகளும் இருக்கும் ஃபர்னஸ் க்ரீக் வரை 17 மைல் ஓட்டிய அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. அடுத்த வருடம் மாமனார் மாமியாரை அழைத்துக்கொண்டு அதே இடத்துக்கு மறுபடி போனோம். எல்லாவற்றையும் மாற்றிச் செய்தோம், நன்றாகவே இருந்தது. இரண்டு பயணத்திலும் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் மாதத்தையும் மணியையும் முடிவு செய்யுங்கள்

ஊரிலிருந்து வருபவர்களின் பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால், நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். பகலில் நடக்கலாம், பிள்ளைகள் மணலில் உருளலாம். பெரும்பாலோருக்கு அது முடியாது, விசாவும் விடுமுறையும் ஜூன், ஜூலையில்தான் கூடிவரும். அப்படியானால் மணியைத்தான் மாற்ற வேண்டும்.

ஜூலையில் ஃபர்னஸ் க்ரீக்கின் சராசரி உச்ச வெப்பம் சுமார் 47 டிகிரி செல்சியஸ். 2024 ஜூலையில் இரவையும் பகலையும் சேர்த்த மாதச் சராசரியே 42.5 டிகிரி. இரவு 10 மணிக்கும் அறையை விட்டு வெளியே வந்தால் முகத்தில் அனல் அடிக்கும். ஊரில் கடற்காற்று வந்ததும் குறையுமே, அந்த மாதிரி எதிர்பார்க்காதீர்கள்.

நம் ஊர் வெயிலில் உடம்பு எச்சரிக்கும். வியர்வை வழியும், சட்டை ஒட்டும், நிழல் தேடுவோம். இங்கே காற்று அவ்வளவு வறட்சி. வியர்வை வெளியே வந்த கணமே ஆவியாகிவிடுகிறது. தோல் காய்ந்தே இருக்கும், உடம்போ நீரை இழந்துகொண்டே இருக்கும். வியர்க்கவில்லை என்று யாராவது சொன்னால் உடனே தண்ணீர் கொடுத்து காருக்குள் ஏற்றுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் தாழ்வான இடங்களில் காலை 10 மணிக்குப் பிறகு நடக்க வேண்டாம் என்று பூங்காக்காரர்களே சொல்கிறார்கள். பெரியவர்களும் சிறுவர்களும் இருக்கும் குடும்பம் 9 மணியோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாவற்றையும் போட்டு காரின் முன் டிராயரில் வையுங்கள். ஃபோனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். அந்தச் சூட்டில் ஃபோன் 'அதிக வெப்பம்' என்று காட்டிவிட்டு அணைந்துவிடும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆனது.

பெரியவர்களுக்கு: பாஸ்போர்ட், விசாப் பக்கம், இணையத்திலிருந்து அச்செடுத்த ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு). அமெரிக்காவில் 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் தம் பதிவு ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஐ-94 அதில் சேரும். ஹெச்1பி வேலை விசாவிலும் அவர்கள் குடும்பத்தாருக்கான ஹெச்4-இலும் இருக்கும் நமக்கும் இது பொருந்தும்.

அப்புறம் பார்வையாளர் மருத்துவக் காப்பீடு. அட்டையை அச்செடுத்து வைப்பதோடு நிற்காமல், கிளம்புவதற்கு முன்பே பாலிசியைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஆம்புலன்ஸ் செலவு அதில் உண்டா? ஏற்கெனவே இருக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரையால் திடீரென ஏற்படும் சிக்கலுக்குப் பணம் தருவார்களா? அதற்கு வயது வரம்பு என்ன? பல திட்டங்களில் 70 வயதைத் தாண்டினால் இந்தப் பாதுகாப்பு சுருங்கிவிடும், இல்லாமலும் போய்விடும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைக்கும் மலிவான திட்டங்களும் உண்டு. அமெரிக்க மருத்துவமனைக் கட்டணத்துக்கு முன்னால் அந்தத் தொகை நிற்காது.

ஓட்டுபவருக்கு: உரிமம், வாடகை ஒப்பந்தம், காப்பீட்டு அட்டை. ஊரிலிருந்து வந்தவர் இந்திய உரிமத்தோடு கலிபோர்னியாவில் ஓட்டலாம். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயர் இல்லையென்றால் ஸ்டியரிங்கைத் தரவே கூடாது. விபத்து நடந்தால் காப்பீடு கைவிட்டுவிடும்.

3. நுழைவுக் கட்டணம்: வாசலில் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் கட்ட வேண்டும்

புதிதாகப் போகிறவர்கள் குழம்புவது இங்கேதான். மற்றப் பூங்காக்களைப் போல டெத் வேலியில் காரை நிறுத்திப் பணம் வாங்கும் கூண்டு கிடையாது. சாலை நேராக உள்ளே போய்விடும். இலவசம் போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஒரு காருக்கு 30 டாலர், 7 நாள் செல்லும். காருக்குள் எத்தனை பேர் இருந்தாலும் அதுதான். ஃபர்னஸ் க்ரீக் பார்வையாளர் மையத்திலும் வழியில் உள்ள தானியங்கி இயந்திரங்களிலும் கட்டலாம். முன்கூட்டியே ரெக்ரியேஷன்.கவ் தளத்திலும் வாங்கலாம். நோட்டாகப் பணம் வாங்க மாட்டார்கள், கார்டு மட்டும்தான். ரசீதை முன் கண்ணாடி ஓரம் தெரியும்படி வையுங்கள்.

ஒரே வருடத்தில் மூன்று பூங்காக்கள் போவதாக இருந்தால் வருடப் பாஸ் லாபம். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு அது 80 டாலர். 2026 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவருக்குத் தனியாக 250 டாலர் என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே பாஸை இங்கே வசிக்கும் நீங்கள் உங்கள் பெயரில் வாங்குங்கள், மாநில ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வைத்திருங்கள். அதே பயணத்தில் சையான், கிராண்ட் கேன்யன் என்று நீட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அவை உள்ளிட்ட 11 பூங்காக்களில் வருடப் பாஸ் இல்லாத வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம். டெத் வேலி அந்தப் பட்டியலில் இல்லை. கிளம்பும் வாரம் தேசியப் பூங்காச் சேவையின் தளத்தில் கட்டணப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்த வருடம் குடும்பத்துக்கே இலவசப் பாஸ் கிடைக்கும். பலருக்கு இது தெரிவதில்லை.

4. வண்டி

வாடகை ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது மண் சாலை பற்றிய வரி. பெரும்பாலான ஒப்பந்தங்கள் தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்கின்றன. ஓட்டி டயர் கிழிந்தால் டயர், இழுவை வண்டி, சேதம் எல்லாம் நம் தலையில். தானாக நகரும் பாறைகளின் படத்தைப் பார்த்துவிட்டு ரேஸ்டிராக் போக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது 27 மைல் கரடுமுரடான பாதை. கூரான கற்கள் சாதாரண டயரைக் கிழித்துவிடும், ஃபோனும் வேலை செய்யாது. குடும்பத்தோடு கோடையில் அங்கே வேண்டாம். முக்கியமான இடங்கள் எல்லாமே தார்ச் சாலையில்தான் இருக்கின்றன, சாதாரண செடான் கார் போதும்.

காரை எடுக்கும்போதே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பல கார்களில் ஸ்டெப்னிக்குப் பதிலாக ஒரு காற்றடிக்கும் கருவியும் பசைப் புட்டியும்தான் வருகின்றன. ஸ்டெப்னி உள்ள காராகக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் முதல் முறை பார்க்கவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது கால் மணி நேரம் காக்க வைத்து மாற்றிக் கொடுத்தார்கள். சொந்தக் கார் என்றால் கூலன்ட், டயர் காற்று, பேட்டரி, ஏசி நான்கையும் ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள்.

பெட்ரோலுக்கு ஒரே விதி: பூங்காவுக்குள் நுழையும் முன் டாங்கை நிரப்புங்கள். லாஸ் வேகாஸிலிருந்து வந்தால் பாரம்ப் ஊரில், வடக்கிலிருந்து வந்தால் பேட்டியில், லாஸ் ஏஞ்சலஸ் பக்கமிருந்து வந்தால் பேக்கரில். உள்ளே ஃபர்னஸ் க்ரீக், ஸ்டோவ்பைப் வெல்ஸ், பானமின்ட் ஸ்பிரிங்ஸ் மூன்று இடத்தில் கிடைக்கும். விலை உங்களைத் திடுக்கிட வைக்கும். பூங்கா அத்தனை பெரியது, சுமார் 13,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அலாஸ்கா நீங்கலாக அமெரிக்காவிலேயே பெரிய தேசியப் பூங்கா இதுதான். வரைபடத்தில் பக்கத்தில் தெரிவது முக்கால் மணி நேரம் தள்ளி இருக்கும்.

மேட்டில் ஏறும்போது வெப்பக் காட்டியின் முள் உயர்ந்தால் ஏசியை அணையுங்கள். இன்னும் ஏறினால் ஓரமாக நிறுத்தி, ஹீட்டரை முழுதாகப் போட்டு, எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தாங்க முடியாது, அதனால் நிழல் பக்கமாக இறங்கி நிற்கட்டும். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவே தொடாதீர்கள், கொதிநீர் பீறிட்டு அடிக்கும். இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வராமல் குறைந்த கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

5. எங்கே தங்குவது

நாங்கள் முதல் முறை செய்த பெரிய தவறு லாஸ் வேகாஸிலேயே தங்கியது. காலை உணவை முடித்து 9 மணிக்குக் கிளம்பினால் எப்படிப் பார்த்தாலும் நடுப்பகலில்தான் போய்ச் சேர முடியும். விடியற்காலையில் அங்கே இருக்க வேண்டுமென்றால் முந்தின இரவே பக்கத்தில் இருக்க வேண்டும்.

பூங்காவுக்குள் ஃபர்னஸ் க்ரீக்கிலும் ஸ்டோவ்பைப் வெல்ஸிலும் விடுதிகள் உண்டு. வெளியே என்றால் பேட்டி சுமார் 40 மைல், பாரம்ப் சுமார் 60 மைல். வெளியே அறை மலிவு, உள்ளே தங்கினால் காலையில் ஒரு மணி நேரம் மிச்சம். பெரியவர்கள் இருந்தால் உள்ளேயே தங்குங்கள். மதியம் திரும்பி வந்து படுக்க ஒரு அறை இருப்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஒரு நாள் இரவுக்கான கூடுதல் பணத்தை அதற்காகக் கொடுக்கலாம்.

முன்பதிவு செய்யும்போது ரத்து விதியைப் படியுங்கள். ஜூலை, ஆகஸ்டில் திடீர் வெள்ளம் வரும். பாலைவனத்தில் வெள்ளமா என்று கேட்பீர்கள். 2022 ஆகஸ்ட் 5 அன்று ஒரே நாளில் ஒன்றரை அங்குல மழைக்குச் சாலைகள் பிளந்தன, கார்கள் சேற்றில் புதைந்தன. 2023 ஆகஸ்டில் ஹிலாரி புயல் மழைக்குப் பிறகு பூங்காவையே அக்டோபர் நடுப்பகுதி வரை மூடி வைத்தார்கள். ஆகவே பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகவே பதிவு செய்யுங்கள். முந்தின நாள் பூங்காத் தளத்தில் சாலை நிலவரத்தையும் கலிபோர்னியா போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸின் இணைய வரைபடம் குயிக்மேப்பையும் பாருங்கள். சாலையில் நீர் ஓடினால் எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும் அதற்குள் வண்டியை விடக் கூடாது.

கூடாரம் போடும் ஆசை இருந்தால் அதைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

6. தண்ணீரும் சாப்பாடும்

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், கிட்டத்தட்ட 4 லிட்டர். இது குறைந்தபட்சம். ஐந்து பேர் என்றால் 20 லிட்டர், அதற்கு மேல் வண்டி நின்றுபோனால் தேவைப்படும் என்று இன்னும் 10 லிட்டர். லாஸ் வேகாஸ், பாரம்ப் பெரிய கடைகளில் ஒரு கேலன் கேன் ஒன்றிரண்டு டாலருக்குக் கிடைக்கும். காரில் கிடக்கும் தண்ணீர் அரை மணியில் வெந்நீராகிவிடும், பிள்ளைகள் அதைக் குடிக்க மாட்டார்கள். அதனால் ஒரு ஐஸ் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டில்களில் பாதித் தண்ணீர் ஊற்றி முந்தின இரவே ஃப்ரீசரில் உறைய வைத்து எடுத்துப் போனால் மதியம் வரை சில்லென்று இருக்கும்.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் சரியில்லை, உப்பும் உடம்பிலிருந்து போகிறது. கடையில் கிடைக்கும் எலக்ட்ரோலைட் பொடி போதும். அது இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து கலக்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். நாங்கள் இரண்டாம் முறை ஃபோனில் இருபது நிமிடத்துக்கு ஒரு அலாரம் வைத்து, அடித்ததும் எல்லோரும் நான்கு மடக்குக் குடித்தோம். மாமியார் கழிப்பறைக்குப் பயந்து குடிக்காமல் இருந்தார். இது நம் வீட்டுப் பெண்கள் எல்லோரிடமும் இருக்கும் பழக்கம். பேட்வாட்டர், ஸப்ரிஸ்கி, மணல்மேடு எல்லா வண்டி நிறுத்தங்களிலும் கழிப்பறை இருக்கிறது என்று முன்பே சொல்லிவிடுங்கள், நிம்மதியாகக் குடிப்பார்கள். அந்தக் கழிப்பறைகளில் தண்ணீர்க் குழாய் இருக்காது, ஒரு பாட்டிலும் டிஷ்யூவும் கையோடு இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை உள்ளே சைவம் குறைவு, விலை அதிகம். புளியோதரை, இட்லிப் பொடி தடவிய இட்லி, சப்பாத்தி கொண்டுபோகலாம். தயிர்சாதம் என்றால் ஐஸ் பெட்டிக்குள் இருக்க வேண்டும், வெளியே வைத்தால் ஒரு மணி நேரத்தில் புளித்துவிடும். மோரை உறைய வைத்துக் கொண்டுபோனோம், அன்றைக்கு எல்லோருக்கும் பிடித்தது அதுதான்.

7. மருந்து, செருப்பு, பிள்ளைகள்

அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த ரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீரைப் பிரித்து வெளியேற்றும் மருந்தும் சேர்ந்திருந்தது. அந்த வகை மருந்து கடும் வெப்பத்தில் உடம்பை இன்னும் சீக்கிரம் உலர்த்திவிடும். இது எனக்கு அன்று தெரியாது. ஊரிலிருந்து வந்தவர்களின் மாத்திரைப் பட்டியலை எடுத்து, பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே அவர்களுடைய டாக்டருக்கு வாட்ஸப்பில் அனுப்பி, இப்படிப்பட்ட வெயிலுக்குப் போகிறோம் என்று கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். இன்சுலினைக் குளிர்ப் பையில் வையுங்கள், ஐஸ் நேரடியாகப் படக் கூடாது.

செருப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் ரப்பர் செருப்போடு வந்துவிடுவார்கள். 2024 ஜூலையில் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு பயணி மணல்மேட்டில் செருப்பு கழன்றுபோய், கொஞ்ச தூரம் வெறுங்காலோடு நடந்ததில் பாதம் ஆழமாக வெந்துபோனது. வெப்பத்தால் ஹெலிகாப்டர் அங்கே இறங்க முடியாமல், மேட்டுப் பகுதிக்குச் சாலை வழியாகக் கொண்டுபோய்த்தான் ஏற்றினார்கள். 1972 ஜூலை 15 அன்று ஃபர்னஸ் க்ரீக்கில் தரையின் வெப்பம் 93.9 டிகிரி செல்சியஸ் என்று அளந்திருக்கிறார்கள். தண்ணீர் கொதிக்க இன்னும் ஆறு டிகிரிதான் பாக்கி. எல்லோருக்கும் ஷூ, சாக்ஸ், அகன்ற தொப்பி, முழுக்கை பருத்திச் சட்டை. அம்மாவுக்கு ஷூ பழக்கமில்லையென்றால் ஒரு வாரம் முன்பே வாங்கிக் கொடுத்து வீட்டைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கான இருக்கையில் உள்ள உலோகக் கொக்கி சூடேறிவிடும். காரை நிறுத்தும்போதெல்லாம் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு மூடுங்கள். கலிபோர்னியாவில் 8 வயதுக்குள் உள்ள பிள்ளைகள் காரின் பின் வரிசையில், குழந்தைகளுக்கான இருக்கையில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம், 4 அடி 9 அங்குலம் உயரம் வந்துவிட்டால் மட்டும் சீட் பெல்ட் போதும். தூங்குகிறார்களே, ஒரு போட்டோ எடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று யாரையும் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பிள்ளையாக இருந்தாலும் பெரியவராக இருந்தாலும்.

8. வழியும் ஃபோனும்

லாஸ் வேகாஸிலிருந்து 160ஆம் சாலையில் பாரம்ப், அங்கிருந்து பெல் விஸ்டா சாலை வழியாக டெத் வேலி ஜங்ஷன், பிறகு 190ஆம் சாலை. ஃபர்னஸ் க்ரீக் வரை சுமார் 120 மைல், இரண்டு மணி நேரம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 15ஆம் நெடுஞ்சாலையில் பேக்கர் வந்து 127இல் திரும்பினால் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபர்னஸ் க்ரீக், ஸ்டோவ்பைப் வெல்ஸ் பக்கம் கொஞ்சம் சிக்னல் வரும், மற்ற இடங்களில் இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே ஃபோனில் இறக்கி வையுங்கள். பார்வையாளர் மையத்தில் காகித வரைபடம் இலவசமாகத் தருவார்கள், அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபோன் காட்டும் குறுக்கு வழியை நம்பாதீர்கள். எங்களுக்கும் 25 நிமிடம் மிச்சம் என்று ஒரு மண் பாதையைக் காட்டியது. திரும்பிய இருநூறு அடியிலேயே கார் அடி தட்டியது, பின்னால் எடுத்துவிட்டோம். 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகள் உட்பட நான்கு பேர், இப்படி ஒரு ஒதுக்குப்புறப் பாதையில் வாடகை வேனோடு சிக்கிக் காணாமல் போனார்கள். எலும்புகள் கிடைத்தது 2009இல். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தார்ச் சாலை முடிகிற இடத்தில் நீங்களும் திரும்பிவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எந்த இடங்களுக்குப் போகிறோம், எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்று ஊரில் ஒருவருக்கும் இங்கே ஒருவருக்கும் எழுதி அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் செயற்கைக்கோள் வழி அவசர உதவிச் செய்தியை எப்படி அனுப்புவது என்று வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

9. அந்த நாள், மணி வாரியாக

ஜூலையில் நாங்கள் இரண்டாம் முறை செய்த வரிசை இது. ஃபர்னஸ் க்ரீக்கில் தங்கியிருந்தோம்.

காலை 5:15: ஸப்ரிஸ்கி பாயின்ட், 5 மைல்தான். வண்டி நிறுத்தத்திலிருந்து சின்ன ஏற்றம், மாமியார் இரண்டு முறை நின்று ஏறினார். 5:40 வாக்கில் சூரியன் எழும்பும். முதலில் எதிரே தூரத்து மலையின் உச்சி சிவக்கும், அந்த நிறம் மெல்ல இறங்கி நம் காலடியில் இருக்கும் மஞ்சள் மண்மேடுகளுக்கு வரும்.

6:30: பேட்வாட்டர். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, வட அமெரிக்காவிலேயே தாழ்ந்த இடம். காரை விட்டு இறங்கியதும் பின்னால் திரும்பி மலைச் சுவரை அண்ணாந்து பாருங்கள். 'கடல் மட்டம்' என்று ஒரு பலகை மேலே சிறியதாகத் தெரியும். என் ஐந்து வயதுப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "அப்போ நாம தண்ணிக்குள்ள நிக்கிறோமா?" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மரப்பலகை நடைமேடை முடிந்து உப்பில் கொஞ்ச தூரம் போனால் போதும். உப்பு காலடியில் பொரி மாதிரி நொறுங்கும். முப்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

7:30: திரும்பும் வழியில் ஆர்டிஸ்ட்ஸ் டிரைவ். 9 மைல் ஒருவழிச் சாலை, காரை விட்டு இறங்காமலே பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா நிற மலைகளைப் பார்க்கலாம். முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏற்ற இடம்.

8:30: பார்வையாளர் மையம். குளிர்ந்த அறை, குடிநீர், நல்ல கழிப்பறை. பிள்ளைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். முடித்துக் காட்டினால் உறுதிமொழி சொல்ல வைத்து ஒரு பேட்ஜ் தருவார்கள், செலவில்லை. வெளியே இருக்கும் பெரிய வெப்பமானியின் முன்னால் எல்லோரும் படம் எடுப்பார்கள், நாங்களும் எடுத்தோம்.

10:00: டான்டேஸ் வியூ. சுமார் 24 மைல், முக்கால் மணி நேரம். உயரம் 1,669 மீட்டர் என்பதால் கீழே இருப்பதைவிட பத்து டிகிரி செல்சியஸ் வரை குறைவாக இருக்கும். கீழே காலையில் நின்ற உப்பு வெளி வெள்ளைக் கோலமாகத் தெரியும். கோடையில் 10 மணிக்கு மேல் பெரியவர்களால் வெளியே நிற்க முடிந்த ஒரே இடம் எங்களுக்கு இதுதான். கடைசி ஏற்றம் செங்குத்து, மெதுவாகப் போங்கள்.

12:00 முதல் 6:30 வரை அறை. சாப்பிட்டுத் தூங்குங்கள். குளிக்கக் குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்தாலும் நம் ஊர் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் மாதிரி சுடச்சுடத்தான் வரும்.

7:15: மெஸ்கீட் ஃப்ளாட் மணல்மேடு. சூரியன் 8 மணி வாக்கில் மறையும். வண்டி நிறுத்தம் கண்ணில் படும் தூரத்துக்குள்ளேயே இருங்கள், மேடுகளுக்கு நடுவே இறங்கினால் திசை தெரியாது. இருட்டிய பின் கையில் டார்ச் வேண்டும், மணலில் விரியன் வகைப் பாம்புகள் வரும்.

10. ஏதாவது ஆகிவிட்டால்

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, சோர்வு வந்தால் உடனே ஏசி காருக்குள் ஏற்றி, கால்களைத் தூக்கி வைத்து, உப்புச் சர்க்கரை நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துண்டு. அன்று அதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டாம்.

பேச்சு குழறினாலோ, கேட்டதையே கேட்டாலோ, தோல் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றுங்கள், குடிநீர் வீணாகிறதே என்று பார்க்காதீர்கள். அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சிக்னல் இல்லையென்றால் ஃபர்னஸ் க்ரீக் அல்லது ஸ்டோவ்பைப் வெல்ஸ், எது பக்கமோ அங்கே ஓட்டிக்கொண்டே அழைத்துப் பாருங்கள். பூங்காவுக்குள் மருத்துவமனை கிடையாது. பாரம்ப்பில் உண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அம்மாவுக்கு நான் இதில் எதையும் செய்யவில்லை, ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு அவரோடு பேசிக்கொண்டே வந்தேன், அவ்வளவுதான்.

வண்டி நின்றுவிட்டால் வண்டியிலேயே இருங்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள், தூரத்திலிருந்தே தெரியும். தார்ச் சாலையில் கோடையிலும் வண்டிகள் வந்துகொண்டுதான் இருக்கும், யாராவது நிறுத்துவார்கள். காருக்குள் சூடு தாங்கவில்லையென்றால் அதன் நிழலில், தரையில் படாமல் ஐஸ் பெட்டி மேலோ பெட்டி மேலோ உட்காருங்கள். உதவி தேடி யாரும் நடந்து போகக் கூடாது, வீட்டில் எவ்வளவு தைரியசாலி இருந்தாலும் சரி.

வெளியே வந்த பிறகும் அன்று இரவு வரை தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக வரும் வரை பெரியவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அம்மாவிடம் நான் அன்று இரவு மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை, "சரியாயிடுச்சுடி, போய்த் தூங்கு" என்றார்.